நிழல் உங்கள் பக்கம், சருகு எதிர்ப்பக்கம்

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு குறுக்கு வீதியில் எங்கள் வீடு. மதிலுக்கு வெளியே, வீதியோரமாக ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. அப்பா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலேயே நின்ற மரம். எங்கள் வீடு வீதிக்குக் கிழக்கே இருப்பதால், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு முன்விறாந்தை முழுக்க நிழல்தான். இப்போது எதிர்வீட்டு அண்ணன் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, மரத்தை வெட்டச் சொல்லி மாநகர சபைக்கு மனுக் கொடுத்துவிட்டார். சருகு கூரைப் பீலியை அடைக்கிறதாம், நுளம்பு பெருகுகிறதாம், காகம் மோட்டார் சைக்கிளில் எச்சம் போடுகிறதாம், ஒருநாள் காற்றுக்கு விழுந்துவிடுமாம். வீதியில் பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மரம் என்றால் இந்தச் சனத்துக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு? போன வருடம் மரத்துக்கும் எங்கள் மதிலுக்கும் நடுவால் தண்ணீர் ஓடக் கான் வெட்டினார்கள், அப்போதுகூட மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைக் கதைக்கக் கிராம உத்தியோகத்தர் முன்னால் கூட்டம் வைக்கப் போகிறார்கள். மரத்தின் அருமையை நான் எப்படி எடுத்துச் சொல்வது?
பி.கு.: மரத்தில் மஞ்சள் துணி கட்டி ஒரு சூலத்தையும் நட்டுவிட்டால் யாரும் கைவைக்கமாட்டார்கள் என்கிறாள் தங்கை. செய்யலாமா?
– கல்லடி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு தாளில் உங்கள் வீதியைக் கீறிப் பார்த்தேன். வடக்குத் தெற்காக ஓடும் வீதி, கிழக்கே நீங்கள், மேற்கே எதிர்வீட்டு அண்ணன், மரம் உங்கள் கரையில். பின்னேர வெயில் மேற்கிலிருந்து வருவதால் நிழல் உங்கள் விறாந்தையில் விழுகிறது. அவருக்குக் கிடைப்பது காலை நிழல். காலை வெயில் யாரையும் சுடுவதில்லை, ஆகவே அந்த நிழலை அவர் ஒரு வரவாக எண்ணியே இருக்கமாட்டார்.

இனிக் காற்றைப் பாருங்கள். மாரியில் நமக்கு வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. அது உங்கள் வேம்பின் இலையையும் சுள்ளியையும் எங்கே கொண்டுபோய்ப் போடும்? அவருடைய கூரையில், அதுவும் மழை கொட்டுகிற அதே மாதங்களில். நனைந்த வேப்பிலை பீலியில் படிந்தால் சேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வழிந்து சுவரில் இறங்கும். வெயில் காலத்தில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது உங்கள் முற்றத்துக்கும் சருகு வரத்தான் செய்யும். ஆனால் அது காய்ந்த சருகு, ஒருமுறை விளக்குமாறு பிடித்தால் காரியம் முடிந்தது. இரண்டு வேலையும் ஒன்றல்ல.

அப்புறம் விழுகிற கதை. பலமான வாடையில் இந்த மரம் சாய்ந்தால் பெரும்பாலும் மேற்கே சாயும். மேற்கே இருப்பது அவர் வீடு, அது அவர் வீட்டார் படுக்கிற அறையாகவும் இருக்கலாம்.

ஆகவே, மரம் என்றால் ஏன் இவ்வளவு வெறுப்பு என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரே மரம் உங்களுக்கு வரவாகவும் அவருக்குச் செலவாகவும் நிற்கிறது. உங்கள் இருவரையும் வீடு மாற்றிக் குடிவைத்தால், கையெழுத்து வாங்க நீங்கள் புறப்பட்டிருக்கவும் கூடும். கோபிக்க வேண்டாம், மரங்களைப் பற்றி ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலில் நான் பார்த்த மரச் சண்டைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு வயதான அம்மா சொன்னதை இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "மரம் நிக்கட்டும் மகன், ஆரு வேணாமெண்டது? விடிய எழும்பிக் கூட்டுறது என்ட முதுகெல்லோ." அந்த அம்மாவின் வளவுக்குள் மட்டும் மா, முருங்கை, தேசி, கறிவேப்பிலை எல்லாம் நின்றன. அவர் கூட்ட மறுத்தது வீதியில் நின்ற, தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லாத ஒரு மரத்தின் சருகைத்தான்.

இது நம்மூர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2011 முதல் 2014 வரை, வீட்டு முன்னால் வீதியோரத்தில் இலவசமாக மரம் நட்டுத் தருகிறோம் என்று ஒரு தொண்டு அமைப்பு வந்தது. ஏறத்தாழ கால்வாசிப் பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று கிறிஸ்டின் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர் போய் விசாரித்தார். மரத்தின் நன்மை தெரியாதவர்கள் அல்ல அவர்கள். நிழல், காற்று எல்லாம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. முன்பு நகராட்சி தன் மரங்களைப் பட்டுப்போன பிறகும் கவனியாமல் விட்டதைப் பார்த்தவர்கள். இந்த மரத்தையும் கடைசியில் நாங்கள்தான் கூட்டிப் பெருக்கிச் சுமக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். என்ன மரம், எங்கே நடலாம் என்று யாரும் அவர்களிடம் கேட்கவுமில்லை. மறுபக்கம் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் மாநகர சபை, பழுதான மரங்களைப் பற்றி முறையிட வசதியாக ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தது. முறைப்பாடு வரும் என்று பார்த்தால், சனம் மரங்களுக்குக் காதல் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டது. நம்மூரில் கொடுத்தால் முதல் கடிதம் பீலியைப் பற்றித்தான் வரும் என்று நினைக்கிறேன், ஆனால் இரண்டாவது கடிதம் உங்களுடையதாக இருக்கும்.

அவ்வளவு தூரம் போகாமல் காத்தான்குடியைப் பாருங்கள். பிரதான வீதியின் நடுவில் வரிசையாகப் பேரீச்சை நிற்கிறது. நிழல் என்று பார்த்தால் அதில் ஒரு குடையளவுகூடத் தேறாது. ஆனால் குலை தள்ளும் காலத்தில் வெளியூர்க்காரர் வாகனத்தை நிறுத்திப் படமெடுக்கிறார்கள், ஊர்க்காரருக்கு அதில் ஒரு பெருமை. ஒரு மரம் நம்முடையது என்ற எண்ணம் வந்துவிட்டால் அதன் குறை கண்ணுக்குப் படுவதில்லை. உங்கள் வேம்பு வீதியில் நின்றாலும் அது உங்கள் வீட்டு மரம் என்றுதான் எதிர்வீட்டில் நினைக்கிறார்கள். மனுவில் அத்தனை கையெழுத்து விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மட்டக்களப்பில் மரம் விழும் என்ற பயம் வெறும் பேச்சு இல்லை. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் இந்த மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் படுத்தது. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதை நெருங்குகிறார்கள். உங்கள் வீதியிலும் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களிடம் போய், அதெல்லாம் விழாது என்று சொன்னால், இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றுதான் நினைப்பார்கள். இதே கரையில் 2004 டிசம்பர் 26 அன்று தென்னையைக் கட்டிப்பிடித்து உயிர் தப்பியவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஊரில், சிலவேளை ஒரே வீட்டில், இரண்டு நினைவும் இருக்கும். இதில் யார் சொல்வது சரி என்று கூட்டத்தில் தீர்க்க முடியாது. இந்தக் குறிப்பிட்ட மரம் உறுதியாக நிற்கிறதா என்பதை மட்டும் தீர்க்கலாம்.

அங்கேதான் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. மரத்துக்கும் மதிலுக்கும் நடுவால் கான் வெட்டினார்கள், மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். வேர் வெட்டுப்பட்ட மரம் உடனே வாடாது. தண்ணீர் உறிஞ்சும் சின்ன வேர்கள் மறுபக்கம் இருக்கிற வரைக்கும் இலை பச்சையாகவே இருக்கும். போவது பிடிமானம். வாடை வரும் கிழக்குப் பக்கத்து வேர்கள்தான் மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பந்தல் போடுகிறவர் காற்று வரும் பக்கத்துக் கயிற்றை அறுக்கமாட்டார், ஆனால் கான் வெட்டுகிறவருக்கு அது கயிறு என்று தெரிவதில்லை. போதாக்குறைக்கு நம் கரையோர மணலில் நிலத்தடி நீர் மிக மேலே நிற்கிறது. வேர் ஆழமாகப் போகாமல் தட்டையாகப் பரவும். நாலு நாள் விடாமல் மழை பெய்து மண் ஊறிவிட்டால் அந்தத் தட்டைப் பிடியும் தளரும்.

ஆகவே கூட்டத்துக்கு முன்பு ஒரு அளவுநாடாவுடன் மரத்தடிக்குப் போங்கள். நெஞ்சுயரத்தில் தண்டின் சுற்றளவை எடுத்து மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ விட்டம் கிடைக்கும். அந்த விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் கான் வெட்டப்பட்டிருந்தால் விஷயம் பாரதூரமானது. தண்டு இரண்டடி விட்டம் என்றால் ஆறடிக்குள் வெட்டியிருக்கக் கூடாது. கானுக்குள் எட்டிப் பாருங்கள். கொங்கிறீட்டுக்கு வெளியே கைத்தடி மொத்தத்தில் வெட்டிய வேர்முனை தெரிகிறதா, அது அழுகிக் கறுத்திருக்கிறதா? மரத்தின் கிழக்கு அடியில் மண் வில்லு மாதிரி வளைந்து வெடித்திருக்கிறதா? காற்றடிக்கும் நேரத்தில் அந்த இடத்தில் காலை வைத்துப் பாருங்கள், நிலம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கினால் அன்றைக்கே அறிவிக்க வேண்டும். அடித்தண்டில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருப்பது, பெரிய கவட்டையில் பட்டை உள்ளே மடிந்து விரிசல் விட்டிருப்பது, மரச்சுத்தியலால் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் பொள்ளலாகக் கேட்பது, இவையும் நல்ல அறிகுறி அல்ல. தண்டு பழையபடி கொஞ்சம் சாய்ந்து நின்றால் அதற்காகப் பதற வேண்டாம். இந்த ஒரு வருடத்துக்குள் சாயத் தொடங்கிய மரம்தான் ஆபத்து. பழைய கலியாணப் படத்தில் பின்னால் மரம் தெரியும், எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் பார்த்தது முதல் பார்வைதான். சபைக்கு எழுதி, மரம் தெரிந்த ஒருவரை அனுப்பிப் பார்த்து எழுத்தில் அறிக்கை தரும்படி கேளுங்கள். அந்தக் கடிதத்தில் எதிர்வீட்டு அண்ணனின் கையெழுத்தும் இருக்க வேண்டும். இதுதான் நான் உங்களுக்குச் சொல்லும் மிக முக்கியமான வேலை. மரத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்பதில் இரண்டு பேருக்கும் நட்டமில்லை. உறுதி என்று வந்தால் அவருக்கு நித்திரை வரும், ஆபத்து என்று வந்தால் உங்களுக்கும் தெரிய வேண்டியதுதானே.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வீதியோர மரம் வீதிக்குப் பொறுப்பானவர்களுடையது. குறுக்கு வீதி என்பதால் உங்களுக்கு அது மாநகர சபை, பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. அவரோ நீங்களோ ஆள் பிடித்து வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் சொந்தக் காணியில் நின்றால்கூட பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டத் தடை போடுகிறது. வேம்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, ஆகவே சட்டத்தைக் காட்டிக் காப்பாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கொப்பு மின்கம்பியில் உரசினால் மின்சார விநியோக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், நீங்களாகக் கத்தியைத் தூக்க வேண்டாம்.

கூட்டத்தில் ஒரு சமரசம் வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: "சரி, அடியோடு வெட்ட வேண்டாம், தலையை மட்டும் வெட்டிவிடுவோம்." எல்லாரும் தலையாட்டுவார்கள், நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். மொட்டையடித்த மரம் பதறிப்போய் வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்தாகத் துளிர் விடும். அவை வேகமாகத் தடிக்கும், ஆனால் பட்டைக்குச் சற்றுக் கீழேதான் ஒட்டியிருக்கும். வெட்டுவாயோ ஆறாமல் உள்ளே உக்கும். நாலைந்து வருடத்தில் முன்பு இருந்ததைவிட மோசமான கொப்புகள் அதே கூரைக்கு மேலே தொங்கும். எதிர்வீட்டுக்காரர் பயந்தது அப்போதுதான் உண்மையாகவே நடக்கும். கேட்க வேண்டியது வேறு: பட்ட கொப்புகளை எடுப்பது, அவர் கூரைக்கு மேலே நீளும் கொப்பை, அது தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையம் கிழியாமல் எடுப்பது, உள்ளே நெருங்கியதைக் கலைத்துக் காற்று ஊடுருவ விடுவது. ஒரே தடவையில் பச்சையில் காற்பங்குக்கு மேல் போகக்கூடாது. வேர் வெட்டுப்பட்ட மரம் என்றால் அதையும்விடக் குறைவாக. ஆவணி, புரட்டாதிக்குள் முடித்தால் மாரிக்கு முன்பு மரம் தேறிவிடும்.

இனி நீங்கள் என்ன பேசுவது? ஒட்சிசன் வேண்டாம். மரம் ஒட்சிசன் தருகிறது என்று பாடசாலைப் பேச்சுப் போட்டியில் எல்லாரும் பேசி முடித்தாகிவிட்டது. சூட்டைப் பற்றிச் சொல்வதென்றால் ஒரு வரி போதும். நிழலில் இருக்கும் தரையும் சுவரும் வெயிலில் கிடப்பதைவிட 11 முதல் 25 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும் என்று அளந்து சொல்கிறார்கள். சித்திரை மாதத்தில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் உங்கள் வீதியில் எந்த இடத்தில் நடையைத் தளர்த்துகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதைவிட, அவர் சொன்ன குறைகளை நீங்களே முதலில் எடுத்துப் பேசுங்கள். பீலி அடைபடுவது உண்மை, நுளம்பு வருவதும் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்ளுங்கள். டெங்கு நுளம்பு இலையிலோ கொப்பிலோ பெருகுவதில்லை, சருகு அடைத்த பீலியிலும் மரப்பொந்திலும் தேங்கிய தண்ணீரில் பெருகுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் அவரும் இதையே சொல்வார், ஆகவே அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் நல்லது. பிறகு உங்கள் பக்கத்துச் செலவைச் சொல்லுங்கள். எதிர்வீட்டுப் பீலிக்கு வலை அடிக்கிற காசு நாங்கள் தருகிறோம். மாரி தொடங்க முன்பு ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் கூலியாள் பிடித்து இரண்டு கூரையும் துப்புரவாக்குகிறோம். வீதிச் சருகை எங்கள் வீட்டில் கூட்டி உரப்பையில் கட்டி எங்கள் தென்னைக்குப் போடுகிறோம், கொளுத்தமாட்டோம். இதைச் சொல்ல உங்களுக்கு மனம் வராவிட்டால், நிழலின் விலை உங்களுக்கும் கட்டுப்படியாகவில்லை என்றுதான் அர்த்தம். காகத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. மோட்டார் சைக்கிளை உங்கள் வளவுக்குள் விட இடம் கொடுங்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். உங்கள் விறாந்தையிலிருந்து பார்க்கிற மரமும் அவருடைய அறைச் சன்னலால் தெரிகிற மரமும் வேறு. அங்கே நின்று மேலே பார்த்தால் எந்தக் கொப்பு அவரைப் பயமுறுத்துகிறது என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

ஒருவேளை அறிக்கை மரத்துக்கு எதிராக வந்தால், கிழக்கு வேர் போய்விட்டது என்று எழுதியிருந்தால், மரத்தை விட்டுக்கொடுங்கள். அந்த நிலையில் மரத்துக்காக வாதாடுவது அவர் வீட்டாரின் உயிரில் விளையாடுவது. ஆனால் அதே தாளில் மாற்று மரம் நடுவதையும் எழுதி வாங்குங்கள். என்ன மரம் என்று எதிர்வீட்டாரையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் மகிழ் சொல்வேன். எப்போதும் பச்சையாக இருக்கும், மெதுவாக வளரும், அடக்கமான தலை. நாவல் வேண்டாம், பழம் விழுந்து வீதி ஊதாவாகி இன்னொரு மனுவுக்கு வழி செய்யும். கன்றைக் கானிலிருந்து தள்ளி, கம்பிக்கு நேர்கீழே வராமல் நட வேண்டும். ஐப்பசியில் நட்டால் முதல் மாரி முழுக்க வானம் தண்ணீர் ஊற்றும். சுற்றாடல் தினம் என்று ஜூனில் நட்டுப் படமெடுக்கிற கன்றுகளைக் கச்சான் ஒரு மாதத்தில் சுட்டுவிடுகிறது, ஆனாலும் அந்தத் தேதியை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. முதல் இரண்டு கச்சானுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதையும் பெயர் போட்டு எழுதுங்கள்.

கடைசியாக, தங்கையின் யோசனை. மஞ்சள் துணியும் சூலமும் வேண்டாம். வேலை செய்யும்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்றைக்கு உங்களுக்கும் அவருக்கும் இருப்பது பீலியும் கொப்பும் பற்றிய வழக்கு. துணியைக் கட்டினால் நாளைக்கே அது கோயில் வழக்கு ஆகிவிடும். உங்கள் வீதியில் கத்தோலிக்க வீடும் இருக்கும், சைவ வீடும் இருக்கும், கையெழுத்துப் போட்ட சைவ வீட்டுக்காரரே சங்கடப்படுவார். அப்புறம் உள்ளே உக்கிய மரம் என்று அறிக்கை வந்தாலும் யாரும் அதைத் தொடத் துணியமாட்டார்கள், நீங்கள் உட்பட. தங்கை ஏற்கெனவே கட்டியிருந்தால், கூட்டத்துக்கு முன்பு அவளையே அவிழ்க்கச் சொல்லுங்கள்.